ஐந்நூறாவது யூனிட்டும் நீலகிரிக் குளிரும்

டிசம்பர், ஜனவரி மாதங்களுக்கான மின்கட்டணம் வெளியாகும் நாட்களில் ஊட்டியிலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் டீக்கடைப் பேச்சு வேறு எதற்கும் திரும்புவதில்லை. அட்டையில் எழுதிய தொகையைப் பார்த்தவர்கள் இரண்டு விஷயங்களைச் சொல்வார்கள். "கரண்ட் நம் மலையில்தான் உற்பத்தியாகிறது, நமக்கே இந்த விலையா?" என்பது ஒன்று. "மாதாமாதம் ரீடிங் எடுத்தால் இவ்வளவு வராது" என்பது மற்றொன்று. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மலை வீட்டின் சுமை எங்கிருந்து வருகிறது என்பதை இரண்டுமே முழுதாகச் சொல்வதில்லை. மின்சாரம், எரிவாயு, விறகு ஆகிய மூன்றையும் ஒரே குடும்பம்தான் பயன்படுத்துகிறது. அவற்றுக்கான விதிகளை மூன்று வெவ்வேறு இடங்கள் வகுக்கின்றன. அந்த மூன்றில் ஒன்றுகூடக் குளிரைக் கணக்கில் எடுப்பதில்லை. கோபத்தின் வேர் அங்கே இருக்கிறது என்பதே என் கருத்து.

முதல் பேச்சிலிருந்து தொடங்கலாம். நீலகிரியின் தண்ணீரில் மின்சாரம் எடுக்கும் வேலை நூறாண்டுக்கும் பழையது. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அரவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக்காகக் காட்டேரி அருவியில் ஒரு சிறிய மின்நிலையம் எழுந்தது. 1930களின் தொடக்கத்தில் பைக்காரா வந்தது. ஏறத்தாழ 3,000 அடி உயரத்திலிருந்து குழாய்களில் இறங்கிய அந்தத் தண்ணீர்தான் கோயம்புத்தூரின் பஞ்சாலைகளையும் கொங்கு நாட்டுக் கிணறுகளின் பம்புசெட்டுகளையும் ஓட்டியது. கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு உதவி ஏற்பாட்டின் கீழ் கனடா உதவியோடு உருவான குந்தா திட்டம் 1960களின் தொடக்கத்தில் மின்சாரம் தரத் தொடங்கியது. அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி, போர்த்திமந்து, பார்சன்ஸ்வேலி என்று நாம் இன்று சுற்றுலாப் பெயர்களாகச் சொல்லும் அணைகள் எல்லாம் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். பைக்காராவின் இறுதிநிலைத் திட்டமாகிய 150 மெகாவாட் நிலையம் 2005இல் வந்தது. மாயாறு நிலையத்தையும் சேர்த்தால் நீலகிரித் தண்ணீரில் ஓடும் நிலையங்களின் மொத்தத் திறன் 800 மெகாவாட்டைத் தாண்டும். இவை போதாதென்று போர்த்திமந்துக்கும் அவலாஞ்சி–எமரால்டு நீர்த்தேக்கத்துக்கும் இடையே 500 மெகாவாட் நீரேற்று மின்திட்டம் ஒன்றின் வேலையும் நடந்து வருகிறது.

எரிபொருள் செலவே இல்லாத மின்சாரம் இது. மாலை ஆறு மணிக்கு மாநிலம் முழுவதும் ஒரே நேரத்தில் விளக்குப் போடும்போது சில நிமிடங்களில் ஓட்டிவிடக்கூடியதும் இதுவே. அனல் நிலையத்தை அப்படி நினைத்த நேரத்தில் ஏற்றி இறக்க முடியாது. ஆகவே நீலகிரி மாநிலத்துக்குத் தருவதைச் சாதாரணமாக மதிப்பிட முடியாது. ஆனாலும் அதற்காகவே மலைக்கு மின்சாரம் மலிவாக வரவேண்டும் என்ற வாதம் அதிக தூரம் போகாது. நீர்மின்சாரம், நிலக்கரி மின்சாரம், காற்றாலை, சூரிய சக்தி, வெளிச்சந்தையில் அதிக விலைக்கு வாங்குவது எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் ஊற்றிச் சராசரி விலை காண்கிறார்கள். அந்தச் சராசரியால் நமக்கும் ஒரு நன்மை உண்டு. தென்மேற்குப் பருவத்தில் மரங்கள் விழுந்து கம்பி அறுவதும், நான்கு வீடுகளுக்காக ஒரு பள்ளத்தாக்கைத் தாண்டிக் கம்பம் நடுவதும் இங்கே வழக்கமான வேலைகள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது, மின்பாதையைச் சரிசெய்ய ஊழியர்கள் பட்ட பாட்டை மலையில் இருந்தவர்கள் மறக்கமாட்டார்கள். இந்தச் செலவை நீலகிரி மக்கள் மட்டுமே தாங்கவேண்டும் என்று வந்தால் கட்டணம் இப்போதைவிட அதிகமாகத்தான் இருக்கும். எனவே "எங்கள் தண்ணீர்" என்ற உரிமைக்குரலை நான் மதிக்கிறேன். ஆனால் அதைவிட வலுவான ஒரு வாதம் நம்மிடம் இருக்கிறது. அதற்குக் கட்டண அட்டவணைக்குள் இறங்கிப் பார்க்கவேண்டும்.

தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. 2016 மே மாதத்திலிருந்து முதல் 100 யூனிட் இலவசம். அதன்பின் அடுக்கடுக்காக விலை ஏறுகிறது. பல ஆண்டுகளாக மாறாமல் இருந்த இந்த அடுக்குகளை 2022 செப்டம்பரில் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் மாற்றியமைத்தது. மின்வாரியத்தின் கடன் 1.59 லட்சம் கோடி ரூபாயைத் தொட்டுவிட்டது, கட்டணத்தை ஏற்றாவிட்டால் ஒன்றிய அரசின் நிதி கிடைக்காது என்பவை அப்போது சொல்லப்பட்ட காரணங்கள். அவை பொய்யான காரணங்கள் என்று சொல்லமாட்டேன். பல ஆண்டுகள் ஏற்றாமல் வைத்துவிட்டு ஒரே நாளில் ஏற்றினால் அடி பலமாக விழும் என்பதுதான் விஷயம்.

அந்த அடி யார் மேல் விழுந்தது என்று பார்த்தால் மலைக்காரர்களின் முகம் தெரியும். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் செலவழித்த வீட்டுக்கு 2022இல் கூடியது 55 ரூபாய். 300 யூனிட் வீட்டுக்கு 145 ரூபாய், 400 யூனிட் வீட்டுக்கு 295 ரூபாய். 500 யூனிட் வீட்டுக்கு 595 ரூபாய் கூடி, 1,130 ரூபாயாக இருந்த கட்டணம் 1,725 ஆனது. ஆனால் 600 யூனிட் வீட்டுக்குக் கூடியது 310 ரூபாய் மட்டுமே. அதாவது அதிகம் செலவழிக்கும் வீட்டைவிட, 500ஐத் தொட்டும் தொடாமலும் நின்ற வீடு ஏறத்தாழ இரண்டு மடங்கு கூடுதல் சுமையை ஏற்றது. சதவீதத்தில் பார்த்தால் வித்தியாசம் இன்னும் பெரிது.

அதே ஆணையில் 2026–27 வரை ஒவ்வொரு ஜூலையிலும் விலைவாசிக் குறியீட்டை ஒட்டிக் கட்டணம் ஏறும் என்றும் எழுதப்பட்டது. 2023இல் வீடுகளுக்கான 2.18 சதவீத உயர்வை மாநில அரசே ஏற்றுக்கொண்டது. 2024 ஜூலையில் 4.83 சதவீதம் ஏறியது. 2025இல் 3.16 சதவீத உயர்விலிருந்து வீடுகளுக்கு விலக்குக் கிடைத்தது. 2024 உயர்வுக்குப் பின், அரசு மானியம் போக, ஒரு வீடு கட்டும் விலை இப்படி நின்றது: 101 முதல் 200 யூனிட் வரை 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. மொத்தம் 500ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 ரூபாய்ச் சலுகை பின்னோக்கிப் பறிபோகும். 101ஆவது யூனிட்டிலிருந்தே 4.70 என்று கணக்குப் போடுவார்கள். 500க்கு மேற்பட்ட யூனிட்டுகளுக்கு 8.40இலிருந்து ஏறிக்கொண்டே போகும். ஆகவே 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய் என்றால், 501 யூனிட்டுக்கு 2,048 ரூபாய். அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய்.

இப்போது இந்த அட்டவணையை ஒரு மலை வீட்டுக்குள் கொண்டுபோவோம். நான்கு பேர் இருக்கும் வீடு. விளக்கு, குளிர்சாதனப் பெட்டி, தொலைக்காட்சி, மிக்சி, இஸ்திரி எல்லாம் சேர்த்து நாளைக்கு மூன்று யூனிட், இரண்டு மாதத்துக்கு 180 யூனிட். அடுத்தது வெந்நீர். சமவெளியில் தொட்டித் தண்ணீர் 27 டிகிரி வெப்பத்தில் இருந்தால், ஊட்டியில் குளிர்கால விடியலில் 12 டிகிரிதான். உறைபனி விழும் நாட்களில் அதற்கும் கீழே போகும். குளிக்க 40 டிகிரி வேண்டும் என்றால், 20 லிட்டர் வாளித் தண்ணீரை 12இலிருந்து 40க்கு ஏற்ற 0.65 யூனிட் பிடிக்கும். சமவெளி வீட்டில் அதே வாளிக்குப் பாதி கூட வேண்டாம், பல வீடுகளில் அடுப்பே மூட்ட வேண்டியதில்லை. நான்கு வாளிக்கு 2.6 யூனிட், இரண்டு மாதத்துக்கு 156 யூனிட். ஆக 336 யூனிட், கட்டணம் 874 ரூபாய். வீட்டில் ஒரு கைக்குழந்தையோ மூச்சிரைப்பு உள்ள முதியவரோ இருந்தால் மாலையில் ஒரு கிலோவாட் ஹீட்டர் இரண்டரை மணி நேரம் ஓடும். அதற்கு 150 யூனிட். மொத்தம் 486, கட்டணம் 1,717 ரூபாய். ஜனவரியில் காய்ச்சல் வந்து நாளைக்கு அரை மணி நேரம் கூடுதலாக ஓடினால் மொத்தம் 516 ஆகும், கட்டணம் 2,174 ரூபாய். கடைசி 30 யூனிட்டுக்கு 457 ரூபாய். யூனிட்டுக்கு 15 ரூபாய்க்கும் மேலே. எந்த அட்டவணையிலும் அச்சிடப்படாத விலை இது. குழந்தைக்குக் காய்ச்சல் வந்த வீடு கொடுக்கும் விலை.

சமவெளியில் மின்விசிறி ஓடுகிறதே என்று ஒருவர் கேட்கலாம். நேர்மையான கேள்விதான். மூன்று விசிறிகள் நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் அதுவும் நம் வெந்நீர்க் கணக்கை எட்டிவிடும். வெந்நீரோடு நின்றால் மலையும் சமவெளியும் ஏறத்தாழச் சமம் என்றே ஒப்புக்கொள்வேன். ஆனால் இரவு முழுவதும் விசிறி ஓட அரை யூனிட்டுக்குச் சற்றுக் கூடுதலாகப் போதும். அறையைச் சூடாக்க அதே எட்டு மணி நேரத்துக்கு எட்டு யூனிட் வேண்டும். வெயிலைத் தாங்க மலிவான ஒரு கருவி இருக்கிறது, குளிரைத் தாங்க இல்லை. மின்சாரத்தில் சூடு எடுப்பது எப்போதும் அதிக யூனிட் தின்னும் வேலை. மே மாதத்து வேலூரிலும் கரூரிலும் தகரக் கூரையின் கீழ் தூங்கும் குடும்பத்துக்கும் இதே கேள்வி பொருந்தும் என்பதையும் சொல்லிவிடவேண்டும். தட்பவெப்பத்தைப் பார்க்காத அட்டவணை அவர்களையும்தான் தண்டிக்கிறது.

வாடகை வீட்டுக்காரர்களின் நிலை இன்னும் மோசம். ஊட்டி, குன்னூர் நகரங்களில் ஒரே மின்இணைப்பில் மூன்று நான்கு குடித்தனங்கள் இருப்பது சாதாரணம். துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்கு வீட்டுக்காரர் சொல்வதே விலை. முதல் 100 யூனிட் இலவசம் என்ற அரசின் சலுகை அந்தக் குடித்தனங்களை எட்டுவதே இல்லை. எல்லோருடைய யூனிட்டும் ஒரே எண்ணில் சேர்வதால் மேல் அடுக்கின் விலை முதல் விளக்கிலேயே ஏறிவிடுகிறது.

மாதாந்திர ரீடிங்குக்கு வருவோம். 2021 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. தந்த வாக்குறுதிகளில் இதுவும் ஒன்று. 2022 உயர்வின்போதும் 2024 உயர்வின்போதும் அது நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. மக்கள் அதை இன்றும் நினைவில் வைத்துக் கேட்பது சரியே. ஆனால் அது வந்தால் எல்லாம் தீரும் என்ற நம்பிக்கையைக் கொஞ்சம் சோதித்துப் பார்க்கவேண்டும். மாதாந்திரக் கணக்கில் அடுக்குகளையும் அப்படியே பாதியாக்கி, 50 யூனிட் இலவசம், 200க்கு மேல் 6.30 என்று வைத்தால் என்ன ஆகும்? நவம்பரில் 150, டிசம்பரில் 250 என்று செலவழித்த வீடு இப்போது 400 யூனிட்டுக்கு 1,175 ரூபாய் கட்டுகிறது. மாதக் கணக்கில் நவம்பருக்கு 352, டிசம்பருக்கு 902, ஆக 1,255 ரூபாய் ஆகும். 80 ரூபாய் கூடுதல். குளிர் ஏறும் மாதத்தையும் குறைந்த மாதத்தையும் சேர்த்துச் சராசரி பார்ப்பதால் இருமாதக் கணக்கு மலைக்கு ஒரு வகையில் உதவுகிறது. 100 யூனிட் இலவசம் மாதத்துக்கு என்று மாறினால்தான் உண்மையான பலன். கேட்பவர்கள் அதைத் தெளிவாகக் கேட்கவேண்டும்.

ரீடிங் தள்ளிப்போவதால் வரும் நட்டம் வேறு. அது உறுதியான நட்டம். நாளைக்கு எட்டு யூனிட் செலவாகும் வீட்டில் 60ஆம் நாள் ரீடிங் எடுத்தால் 480 யூனிட், 1,679 ரூபாய். மழையாலோ ஆள் பற்றாக்குறையாலோ 66ஆம் நாள் எடுத்தால் 528 யூனிட், 2,275 ரூபாய். அடுத்த முறை 54 நாளில் எடுத்து 1,377 ரூபாய் வந்தாலும் நான்கு மாதத்தில் கிட்டத்தட்ட 290 ரூபாய் கைவிட்டுப் போயிருக்கும். செங்குத்தான சந்துகளிலும் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவிலும் வீடு வீடாக ஏறி இறங்கும் ஊழியரை நான் குறை சொல்லவில்லை. நாள் கூடினால் அடுக்கையும் அதே விகிதத்தில் கூட்டிக் கணக்கிடக் கணினிக்கு ஒரு நொடி போதும். அதைச் செய்யாமல் இருப்பது கொள்கை.

மின்சாரம் இப்படி ஏறும்போது வெந்நீர் அடுப்புக்கு மாறுகிறது. 14.2 கிலோ சிலிண்டரில் உள்ள சூட்டில் அடுப்பு, பாத்திரம் வழியாக வீணாவது போக, ஏறத்தாழ 100 யூனிட் மின்சாரம் தரும் சூடுதான் தண்ணீருக்குப் போய்ச்சேரும். சென்னையில் 2021 ஜனவரியில் 710 ரூபாயாக இருந்த சிலிண்டர் 2023 மார்ச்சில் 1,118.50 வரை போனது. பின்னர் இருநூறும் நூறுமாகக் குறைந்து, 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏறி 868.50 ஆனது. அந்த விலையில் பார்த்தால் சிலிண்டரில் ஒரு யூனிட் சூடு எட்டு ரூபாய்க்கு மேல் ஆகிறது. அதாவது 500 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு மின்சாரமே மலிவு, தாண்டியபின் எரிவாயுவும் மின்சாரமும் ஏறத்தாழ ஒன்று. அதனால்தான் மீட்டர் 450ஐ நெருங்கியதும் கீசரை நிறுத்திவிட்டுச் சிலிண்டரில் தண்ணீர் வைக்கும் வழக்கம் மலையில் பல வீடுகளில் இருக்கிறது. படிப்பறிவில்லாத பாட்டிகள்கூட இந்தக் கணக்கைத் துல்லியமாகப் போடுகிறார்கள். வெந்நீருக்கு மட்டுமே வைத்தால் ஒரு சிலிண்டர் நாற்பது நாள்கூடத் தாங்காது.

எரிவாயுவுக்கு வங்கிக் கணக்கில் வந்துகொண்டிருந்த மானியம் 2020க்குப் பிறகு பெரும்பாலான வீடுகளுக்கு நின்றேபோனது. ஏழைக் குடும்பங்களுக்கான ஒன்றிய அரசின் உஜ்வாலா இணைப்பு உள்ளவர்களுக்கு 2022இல் 200 ரூபாயும் 2023 அக்டோபரிலிருந்து 300 ரூபாயும் மானியம் கிடைக்கத் தொடங்கியது. அது உதவிதான், மறுக்கவில்லை. மாநிலத்தில் 2021 தேர்தலில் சிலிண்டருக்கு 100 ரூபாய் மானியம் என்றது தி.மு.க., ஆண்டுக்கு ஆறு சிலிண்டர் இலவசம் என்றது அ.தி.மு.க. மக்களின் பொறுமை எங்கே கரைகிறது என்று கேட்பவர்கள் இந்த வாக்குறுதிகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் போதும். வண்டி போகாத அட்டிகள் என்னும் படகர் ஊர்களிலும், தோட்டத் தொழிலாளர் வரிசையாக வாழும் லயன் வீடுகளிலும் சாலையில் இறக்கிவைத்த சிலிண்டரைத் தோளில் தூக்கிச் செல்லும் கூலி வேறு. அது எந்த விலைப்பட்டியலிலும் வராது.

கடைசியில் விறகு. இந்த மலைக்கு விறகுக் கவலை புதியதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊட்டியும் வெலிங்டனும் வளர்ந்தபோது சோலைகள் விறகுக்காக அழியத் தொடங்கின. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த தைலமரத்தையும் சீகை என்னும் வாட்டில் மரத்தையும் அன்றைய அரசு பெருமளவில் நட்டதற்கு முக்கியக் காரணம் குளிர்காயும் விறகுதான். புல்வெளிகள் மரக்காடுகளானதும், ஊற்றுகள் வற்றியதாகப் பழங்குடி மக்கள் சொல்லிவரும் குறையும் அங்கிருந்து தொடங்குகின்றன. இன்று அந்த அயல்மரங்களை அகற்றவேண்டும் என்று நீதிமன்றமே சொல்லிவருகிறது. ஆனால் சொந்தப் பட்டா நிலத்தில் நிற்கும் மரத்தை வெட்டவும் அனுமதி வேண்டும். 1949இன் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டமும் 1955இன் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டமும் அதற்காகவே இருக்கின்றன. அவை தேவையான சட்டங்கள். அவை இல்லாமல் இருந்திருந்தால் மலைச்சரிவுகள் எந்த நிலையில் இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது. இருந்தாலும் சட்டத்தின் பாரம் பெரும்பாலும் சுள்ளி பொறுக்கும் பெண்ணின் தலையில்தான் இறங்குகிறது. தேயிலைச் செடியைக் கவாத்து செய்யும்போது கிடைக்கும் மிலாறு, அதாவது வெட்டிய குச்சிகள், நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறைதான் ஒரு தோட்டத்தில் கிடைக்கும். மற்ற நாட்களில் காட்டோரம் போகவேண்டும். அங்கே காட்டெருமை, கரடி, யானை. கூடலூர்ப் பக்கம் விறகுக்குப் போய் யானையிடம் சிக்கியவர்களின் கதைகளைச் சொல்லாத ஊர் இல்லை.

விறகு கிடைக்காதவர்கள் கரி மூட்டுகிறார்கள். சன்னலை அடைத்துக்கொண்டு அறைக்குள் கரியடுப்பை வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழாமல் போன செய்தி நீலகிரியிலும் கொடைக்கானலிலும் குளிர்காலங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. கரி புகையில்லாமல் எரியும்போதும் கார்பன் மோனாக்சைடு வெளியேறுகிறது. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. இந்தச் சாவுகளை அறியாமை என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஹீட்டர் ஓட்டுவதற்கு யூனிட்டுக்கு எவ்வளவு ஆகிறது என்ற கேள்வியும் அந்தச் செய்திக்குள் இருக்கவேண்டும்.

இவ்வளவு நேரம் மின்இணைப்பு உள்ள வீடுகளைப் பற்றிப் பேசினோம். கூடலூர், பந்தலூர் வட்டங்களில் 1969ஆம் ஆண்டு கூடலூர் ஜென்மம் எஸ்டேட் (பரம்பரைப் பெருநில உரிமை) ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் சிக்கிய நிலங்கள் இருக்கின்றன. உரிமை முடிவாகாத அந்த நிலங்களில் பல தலைமுறைகளாக வாழும் குடும்பங்கள், பட்டா இல்லை என்ற காரணத்தால் மின்இணைப்புக்காகவே பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து இங்கே குடியேறியவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். பைக்காரா தண்ணீர் சிங்காராவில் இறங்கி மின்சாரமாகிப் போவது அவர்கள் வீட்டிலிருந்து தொலைவில் இல்லை. விலையைப் பற்றிக் கோபப்படும் வாய்ப்பே மறுக்கப்பட்டவர்கள் அவர்கள்.

மேலே சொன்ன மூன்றையும் யார் ஆள்கிறார்கள் என்று பாருங்கள். மின்கட்டணத்தை ஆணையமும் மாநில அரசும் முடிவு செய்கின்றன. எரிவாயு ஒன்றிய அரசிடமும் எண்ணெய் நிறுவனங்களிடமும் இருக்கிறது. விறகு வனத்துறையிடம். மின்சாரம் ஏறினால் எரிவாயுவுக்கு ஓடுகிறோம், அது ஏறினால் விறகுக்கு ஓடுகிறோம், அங்கே காடு மூடியிருக்கிறது. ஒவ்வொரு துறையும் தன் பகுதிக்கு நியாயமான ஒரு விளக்கம் வைத்திருக்கிறது. ஒரு வீடு ஆண்டுக்கு மொத்தமாக எரிபொருளுக்கு எவ்வளவு செலவழிக்கிறது, அது வருமானத்தில் எத்தனை பங்கு என்று கூட்டிப் பார்க்கும் பொறுப்பு எந்த மேசையிலும் இல்லை. வருமானமோ பசுந்தேயிலையைப் பொறுத்தது. கிலோவுக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்டுச் சிறுவிவசாயிகள் ஆண்டுக்கணக்கில் போராடி வருகிறார்கள். இலையை வாங்கும் தொழிற்சாலைகளின் மின்சாரச் செலவும் விறகுச் செலவும் ஏறும்போது, அந்த ஏற்றமும் இலை விலையிலேயே கழிகிறது. ஒரே மின்கட்டண உயர்வு மலைக் குடும்பத்தை வீட்டு மீட்டரில் ஒரு முறையும் இலைக் கணக்கில் மறுமுறையும் பிடிக்கிறது.

குளிருக்குச் செலவு உண்டு என்பது அரசுக்குத் தெரியாத விஷயமா? நன்றாகத் தெரியும். மலையில் பணிபுரியும் அரசு ஊழியர்களுக்கு மலைப்படியும் குளிர்காலப் படியும் வழங்கப்படுகின்றன. அது சரியான ஏற்பாடு. அந்த ஊழியரின் பக்கத்து வீட்டில் இருக்கும் இலை பறிக்கும் தொழிலாளிக்கும் அதே குளிர்தான். உத்தராகண்டில் பனிப்பிரதேச வீடுகளுக்கென்றே சலுகை மின்கட்டணப் பிரிவு ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டிலும் தொழிலைப் பார்த்துச் சலுகை தரும் மரபு பழையது. இலவச மின்சாரத்தைக் கைத்தறி நெசவாளருக்கு 300 யூனிட், விசைத்தறிக்கு 1,000 யூனிட் என்று 2023இல் உயர்த்தினார்கள். விவசாயத்துக்கு இலவச மின்சாரம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. தட்பவெப்பத்தைப் பார்த்துத் தருவது மட்டும்தான் இன்னும் இல்லை.

அதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. 2003 மின்சாரச் சட்டத்தின் 65ஆம் பிரிவின்படி, எந்தப் பிரிவினருக்கும் சலுகை தர மாநில அரசு முடிவெடுத்து அதற்கான பணத்தை மின்வாரியத்துக்குக் கட்டிவிடலாம். இன்றைய 100 யூனிட் இலவசமும் அந்த வழியில்தான் வருகிறது. குளிர்காலத்தின் இரண்டு கணக்கீடுகளுக்கு மட்டும் மலைவட்ட வீடுகளுக்கு 100 யூனிட் கூடுதல் இலவசம், அடுக்கின் எல்லைகளும் 100 யூனிட் மேலே என்று வைத்துக்கொள்வோம். யூனிட்டுக்கு 4.70 என்றால் ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு 940 ரூபாய். 2011 கணக்கெடுப்பின்படி நீலகிரி மாவட்ட மக்கள்தொகை 7.35 லட்சம். வீட்டுக்கு நான்கு பேர் என்றால் ஏறத்தாழ 1.85 லட்சம் வீடுகள். எல்லோருக்கும் கொடுத்தாலும் 17, 18 கோடி ரூபாயைச் சுற்றித்தான் நிற்கும். மேல் அடுக்கில் இருப்பவர்களுக்குச் சற்றுக் கூடும், 200 யூனிட்டுக்குள் நிற்பவர்களுக்கு நன்றாகவே குறையும். கூடலூர், மசினகுடி போன்ற தாழ்வான பகுதிகளுக்கு அவ்வளவு தேவை இருக்காது. கொடைக்கானலைச் சேர்த்தாலும் பெரிய தொகையாகாது. மின்மானியத்துக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான கோடி ஒதுக்கும் மாநிலத்துக்கு இது தாங்கமுடியாத செலவல்ல.

சூரிய சக்தியை மாற்றாகச் சொல்பவர்கள் உண்டு. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் என்ற கூரை சூரியமின் திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கும். வசதியும் சொந்தக் கூரையும் உள்ளவர்கள் போடட்டும். ஆனால் ஜூன் முதல் மேகம் கவிந்து கிடக்கும் மேற்குச் சரிவுகளுக்கும், ஒட்டிக்கொண்டு நிற்கும் லயன் வீடுகளுக்கும், வாடகைக் குடித்தனங்களுக்கும் அது பதிலாகாது.

2022இல் கட்டண உயர்வு பற்றிய பொதுக்கருத்துக் கேட்புக் கூட்டங்கள் கோயம்புத்தூர், மதுரை, சென்னை ஆகிய மூன்று இடங்களில் நடந்தன. கோத்தகிரியிலிருந்து ஒரு தோட்டத் தொழிலாளி கோவை போய்ப் பேசிவர ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் போகும். இப்போதைய ஆண்டு உயர்வு முறை 2026–27 வரைக்கும்தான். அதன்பின் மின்வாரியம் ஆணையத்திடம் புதிய மனு போட்டே ஆகவேண்டும். அந்த மனுவின் மீதான கேட்புக் கூட்டங்களில் ஒன்றை உதகையில் நடத்தச் சொல்லி இப்போதே எழுதிக் கேட்கலாம். நீலகிரி மின்பகிர்மான வட்டத்தின் மீட்டர் கணக்குகள் எல்லாம் கணினியில் இருக்கின்றன. நவம்பர் முதல் பிப்ரவரி வரை எத்தனை வீடுகள் 400ஐத் தாண்டுகின்றன, அதே வீடுகள் ஏப்ரல், மே மாதங்களில் எங்கே நிற்கின்றன என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் எவரும் கேட்டுப் பெறலாம். சிறுதேயிலை விவசாயிகள் சங்கங்கள், குடியிருப்போர் சங்கங்கள், மகளிர் குழுக்கள் ஒவ்வொன்றும் தன் ஊரின் இருபது முப்பது வீட்டு அட்டைகளை நகலெடுத்து அதோடு சேர்த்து வைத்தால், அது ஆணையம் ஒதுக்கிவிட முடியாத சான்றாக இருக்கும்.